புதிய உறுப்பை இசை காப்பாற்றுமா?

கேள்வி இதுதான்: "என் அண்ணனுக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்யப் போகிறார்கள். இதயம் மாற்றப்பட்ட எலிகளுக்கு ஓபரா இசை போட்டுக் காட்டியபோது அந்த இதயம் நிராகரிக்கப்படாமல் பல நாள் துடித்ததாக ஒரு செய்தி சுற்றுகிறது. இசை சிகிச்சையால் உண்மையிலேயே பலன் உண்டா? நாங்களே ஹெட்போனில் பாட்டு போட்டுவிட்டால் போதாதா?"

முதலில் எலி விவகாரத்தை முடித்துவிடலாம். அந்தச் செய்தி பொய்யில்லை. டோக்கியோவில் உள்ள டெய்க்யோ பல்கலைக்கழக மருத்துவர்கள் 2012-இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு இனச் சுண்டெலியின் இதயத்தை இன்னொரு இனச் சுண்டெலியின் வயிற்றுக்குள் பொருத்தினார்கள். எலியின் சொந்த இதயம் நெஞ்சில் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். வயிற்றில் இருப்பது எத்தனை நாள் துடிக்கிறது என்பதுதான் கணக்கு. இசை கேட்காத எலிகளில் அது இடைநிலைக் கணக்கில், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எலியின் கணக்கில், 7 நாளில் நின்றது. ஒரு வாரம் வெர்டியின் 'லா டிராவியாட்டா' ஓபராவைக் கேட்டவற்றில் 26.5 நாள், மொஸார்ட் கேட்டவற்றில் 20 நாள் துடித்தது. அயர்லாந்துப் பாடகி என்யாவின் இசைக்கு 11 நாள்தான். 100 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏதாவது ஒரே அலைவரிசையை மட்டும் கேட்ட எலிகள், ஒன்றுமே கேட்காத எலிகளை விட அதிகம் தாண்டவில்லை. மறு வருடம் இந்த ஆய்வுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பரிசு அது.

சரி, இதில் உங்கள் அண்ணனுக்கு என்ன இருக்கிறது? என் கணிப்பில், ஒன்றுமில்லை. அந்த எலிகள் நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாமல் இருந்தவை. ஒரே அச்சில் வார்த்த ஆய்வக இனங்கள். இன்னொன்று, சுண்டெலியின் காது சுமார் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் கேட்காது. மனிதக் குரலின் அடிப்படைச் சுரங்களில் பெரும்பாலானவை அதற்குக் கீழேதான் இருக்கின்றன. ஆக, அந்த எலி கேட்ட ஓபரா நாம் கேட்கும் ஓபராவே இல்லை. மனிதர்களிடம் இசை நிராகரிப்பைத் தள்ளிப்போட்டதாக ஆதாரம் கிடையாது. 'இன்ன அலைவரிசை இன்ன உறுப்பைக் காக்கும்' என்று ஒலிப்பதிவு விற்பவர்கள் இந்த ஆய்வைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பது வேடிக்கை. ஒற்றை அலைவரிசை வேலை செய்யவில்லை என்று அதே ஆய்வே சொல்கிறது.

மேலும், அண்ணனுக்கு அவருடைய சொந்த ஸ்டெம் செல்களையே, அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் தாய் செல்களையே, சேகரித்துத் திருப்பி ஏற்றப்போகிறார்கள் என்றால், அந்நியமானதை உடல் தாக்கும் நிராகரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொருவரின் செல்கள் என்றால் மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது அதற்கு நேர் எதிரான ஒன்றைப் பற்றி: புதிதாக வந்த செல்கள் அண்ணனின் உடலைத் தாக்குவது. அதற்கும் மருந்துதான் வழி. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்களுக்கு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரையை நேரம் தவறாமல் போடுவதுதான் உறுப்பைக் காப்பது. அந்த இடத்தில் எந்தப் பாட்டும் வந்து உட்கார முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், வாய்ப்பு இருந்தால் இசை சிகிச்சையைக் கேட்டு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அது செய்யும் வேலை வேறு.

அண்ணனுக்கு என்ன நடக்கப்போகிறது என்று பாருங்கள். முதலில் அதிக அளவு கீமோ. அதில் ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை காலியாகிவிடும். அப்புறம் ஸ்டெம் செல்களை டிரிப்ஸ் வழியாக, ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. பல பேருக்கு அந்த நாள் ஏமாற்றமாகக்கூட இருக்கும்: இவ்வளவுதானா என்று. கஷ்டம் அதற்கு அடுத்த நாட்களில். வாயிலிருந்து குடல் வரை புண், குமட்டல், வயிற்றுப்போக்கு, காய்ச்சல். வெள்ளையணுக்கள் கிட்டத்தட்ட பூஜ்யம். சொந்த செல்கள் என்றால் பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். கொடையாளரின் செல்கள் என்றால் 2 முதல் 4 வாரம் ஆகும். அதுவரை வடிகட்டிய காற்று வரும் ஒரு தனி அறை. பார்க்க வருபவர்கள் முகக்கவசத்தோடு வருவார்கள். ராத்திரியும் பகலும் இன்ஃபியூஷன் பம்ப்பின் பீப் சத்தம். காலையில் ரத்த ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பது தவிர அவர் செய்ய ஒன்றும் இருக்காது.

அந்த அறைக்குள் வருபவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றைச் செய்ய வருகிறார்கள். ஊசி, மாத்திரை, எடை பார்த்தல், வாய் கொப்பளிக்கச் சொல்லுதல். எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இசை சிகிச்சையாளர் ஒருவரைத்தான் "இன்றைக்கு வேண்டாம், போய்விட்டு நாளைக்கு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மூன்று வாரம் தன் உடம்பு மேல் தனக்கே எந்த அதிகாரமும் இல்லாமல் கிடப்பவருக்கு எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், யார் பாடுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. இசை சிகிச்சையின் பலனில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? சொந்த ஸ்டெம் செல் ஏற்றிக்கொண்ட நோயாளிகளிடம் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையும் கிளீவ்லாந்தில் ஒரு புற்றுநோய் மையமும் சேர்ந்து செய்த ஆய்வு 2003-இல் வந்தது. குலுக்கல் முறையில் 69 பேரைப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அறைக்கே வந்து இசை சிகிச்சை கொடுத்தார். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இசைப் பிரிவில் மொத்த மனநிலைக் கலக்கத்தின் அளவு 37 சதவீதம் குறைவாக இருந்தது. பதற்றத்தையும் மனவாட்டத்தையும் மட்டும் தனியாகப் பார்த்தால் 28 சதவீதம் குறைவு. ஆனால் இந்த 28 சதவீதம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், அவ்வளவு உறுதியான எண் இல்லை.

2017-இல் கிளீவ்லாந்து கிளினிக்கிலிருந்து வந்த ஆய்வு எனக்கு இன்னும் சுவாரசியமானது. 82 பேர், லிம்ஃபோமா அல்லது மல்டிபிள் மைலோமா என்ற ரத்தம் சார்ந்த புற்றுநோய் உள்ளவர்கள். சொல்லிக்கொள்ளும்படி நிறைய அமர்வுகள்கூட இல்லை. வலிக்கு நோயாளிகள் போட்ட மதிப்பெண்ணிலும் குமட்டலிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மார்ஃபின் வகை வலி மருந்து எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்த்தபோது, இசைப் பிரிவில் இடைநிலை அளவு 24 மில்லிகிராம், மற்றதில் 73. இதை எப்படிப் புரிந்துகொள்வது? வலி அதே அளவு இருந்தாலும் அதைத் தாங்கிக்கொள்வது எளிதானது என்று எடுத்துக்கொள்ளலாம். குறைந்த மருந்தில் அதே நிம்மதி கிடைத்தது என்றும் சொல்லலாம். ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மார்ஃபின் குறைந்தால் மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும் குறையும் என்பதால் வார்டில் இருப்பவர்களுக்கு இது பொருட்படுத்தத்தக்க எண்.

இளம் வயதினரிடம் செய்தது வேறு மாதிரி. 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 11 முதல் 24 வயது வரையான 113 பேர். ஒரு பிரிவினர் மூன்று வாரத்தில் ஆறு அமர்வுகளில், சிகிச்சையாளர் துணையோடு தங்கள் பாட்டைத் தாங்களே எழுதி, பாடிப் பதிவு செய்து, படங்கள் சேர்த்து வீடியோவாக்கினார்கள். மற்றவர்கள் அதே அளவு அமர்வுகளில் ஒலிப்புத்தகம் கேட்டார்கள். ஒப்பீட்டுப் பிரிவுக்கும் ஆள் கவனிப்பு கிடைக்கும்படி வைத்ததுதான் இந்த ஆய்வின் பலம். 'யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலே மனசு தேறுமே' என்ற ஆட்சேபத்துக்கு அதில் பதில் இருக்கிறது. பாட்டு எழுதியவர்கள் சிகிச்சையை எதிர்கொண்ட விதத்தில் முன்னேற்றம் தெரிந்தது. மாற்று சிகிச்சைக்கு 100 நாள் கழித்துப் பார்த்தபோது, நண்பர்களோடு ஒட்டுதலும் வீட்டுச் சூழலும் அவர்களுக்கு மேலாக இருந்தன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் குழந்தைகளிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில், இசை சிகிச்சை நடந்து நான்கு முதல் எட்டு மணி நேரம் ஆன பிறகும் இதயத் துடிப்பு குறைவாகவே இருந்தது.

இந்த ஆய்வுகள் எல்லாமே சிறியவை. தனக்கு இசை சிகிச்சை நடக்கிறதா இல்லையா என்று நோயாளியிடம் மறைக்கவும் முடியாது. 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு புற்றுநோயாளிகளுக்கான இசை பற்றிய 81 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், பெரியவர்களுக்குப் பதற்றம், வலி, சோர்வு குறையலாம் என்று சொல்லிவிட்டு, ஆதாரத்தின் தரம் பெரும்பாலும் தாழ்வுதான் என்று சேர்த்துச் சொன்னது. அறுவை சிகிச்சைகள் பக்கம் ஆதாரம் கொஞ்சம் கெட்டியானது. 2015-இல் லான்செட் இதழில் வந்த 73 ஆய்வுகளின் தொகுப்பில், அறுவைக்கு முன்போ நடுவிலோ பின்போ இசை கேட்டவர்களுக்கு வலி, பதற்றம், வலி மருந்தின் அளவு மூன்றும் குறைந்தன. மருத்துவமனையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை. சிறுநீரகம், கல்லீரல் மாற்றுபவர்களுக்கு நான் இந்தத் தொகுப்பைத்தான் காட்டுவேன்.

உறுப்பு மாற்றில் சில தனிச் சிக்கல்கள் உண்டு. இதயம் மாற்றிக்கொண்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இதயத்தை எடுக்கும்போது அதற்குப் போகும் நரம்புகளும் வெட்டுப்படும். புதிய இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி இல்லாததால், அது சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை அடிக்கும். பாட்டு கேட்டு அவர் எவ்வளவு அமைதியாகப் படுத்திருந்தாலும் மானிட்டரில் எண் இறங்காது. பக்கத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்து 'ஒன்றும் வேலை செய்யவில்லையே' என்று நினைப்பார்கள். மானிட்டரை விட்டுவிட்டு மூச்சையும் தோளையும் முகத்தையும் பார்க்க வேண்டும். கல்லீரல் கெட்டுக் காத்திருப்பவருக்கு அம்மோனியா ஏறி மூளை குழம்பியிருந்தால், நீண்ட நேரம் இசை போடுவது குழப்பத்தைக் கூட்டலாம். பழக்கமான குரலில் ஒரே ஒரு பாட்டு போதும், அதுவும் மெதுவாக. நுரையீரல் மாற்றிக்கொண்டவருக்குப் பாடுவது மூச்சுப் பயிற்சி போலவே பயன்படும். எப்போது தொடங்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குழல், ஹார்மோனிகா போல ஊதும் கருவிகளை மருத்துவர் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். டாக்ரோலிமஸ் எடுப்பவர்களுக்குக் கை நடுங்குவது சகஜம். கிட்டார் வாசித்துப் பழகிய ஒருவருக்கு அது பெரிய அடி. சிகிச்சையாளர் அதை அறிந்து, விரல் நுணுக்கம் தேவைப்படாத தாளக் கருவியில் தொடங்குவார்.

அப்புறம், இறந்த ஒருவரின் உறுப்பைப் பெற்றவர்களுக்குள் ஒரு குற்ற உணர்வு இருக்கும். யாரோ செத்ததால் நான் இருக்கிறேன் என்று. நேருக்கு நேர் பேசச் சொன்னால் பேசமாட்டார்கள். பாட்டு எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் வந்துவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: நாமே பாட்டு போட்டால் போதாதா? போதுமான சமயங்கள் உண்டு. தூக்கம் வராத இரவு, ஸ்கேனுக்குக் காத்திருக்கும் அரைமணி நேரம், பயாப்சி போன்ற சிறு வலிகள். இதற்கெல்லாம் ஹெட்போனும் அவருக்குப் பிடித்த பிளேலிஸ்ட்டும் போதும். சிகிச்சையாளர் செய்வது அன்றன்றைக்கு ஆளைப் பார்த்து மாற்றுவது. பதற்றத்தில் இருப்பவரிடம் எடுத்த எடுப்பில் சாந்தமான இசையைப் போட்டால் எரிச்சல்தான் வரும். அவர் இருக்கும் வேகத்திலேயே தொடங்கி, கிட்டாரின் தாளத்தை அவர் மூச்சோடு சேர்த்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்துக் கொண்டுவருவார்கள். அழுத குழந்தையைத் தூக்கியவுடன் தாலாட்டாமல் முதலில் தோளில் போட்டு நடப்பது போல. 1940-களிலிருந்து இசை சிகிச்சையில் இருக்கும் முறை இது. பதிவு செய்த பாட்டு நோயாளியின் முகத்தைப் பார்த்து வேகம் குறையாது. வாய்ப்புண்ணால் அவரால் பாட முடியாது என்றால் சிகிச்சையாளர் பாடுவார், இவர் விரலால் தட்டுவார். அதுவும் முடியாவிட்டால் அடுத்த பாட்டு எது என்று கண்ணால் காட்டுவார்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதில் முக்கியமானது, அட்மிஷனுக்கு முன்பே அண்ணனை உட்காரவைத்துப் பாட்டுப் பட்டியல் போடவைப்பது. நீங்கள் போடாதீர்கள். 'நோயாளிக்கு நல்லது' என்று யாரோ தொகுத்ததையும் திணிக்காதீர்கள். கூச்சலான பாட்டுதான் அவருக்குப் பிடிக்கும் என்றால் அதுவே இருக்கட்டும். இரண்டு பட்டியல் தனித்தனியாக வேண்டும்: தூங்குவதற்கு ஒன்று, தெம்புக்கு ஒன்று.

பலர் யோசிக்காத ஒன்று: உயிருக்கு உயிரான பாட்டை கீமோ ஏறும் நேரத்திலும் வாந்தி வரும் நேரத்திலும் போடாதீர்கள். வாந்தியோடு சேர்ந்த உணவு அப்புறம் பிடிக்காமல் போவது தெரியும் அல்லவா? பாட்டும் அப்படி ஒட்டிக்கொள்ளலாம். பல மாதம் கழித்து அந்தப் பாட்டைக் கேட்டாலே வயிற்றைப் புரட்டினால், ஒரு நல்ல துணையை இழந்த மாதிரி. அந்த நேரத்துக்கு அவர் பெரிதாக மதிக்காத, இழந்தாலும் பரவாயில்லை என்கிற இசையைப் போடுங்கள். அதே காரணத்தால் பிடித்த பாட்டை மாத்திரை நேரத்துக்கான அலாரமாக வைக்க வேண்டாம்.

கருவிகள் விஷயத்தில் வார்டின் விதி கடுமையாக இருக்கும், இருக்கவும் வேண்டும். மரமும் தோலும் துணியும் கிருமிநாசினியால் சரியாகத் துடைக்க முடியாதவை. வழவழப்பான பிளாஸ்டிக், உலோகக் கருவிகளைத்தான் உள்ளே விடுவார்கள். சில இடங்களில் சிகிச்சையாளரின் கிட்டாரை ஒவ்வொரு அறைக்கும் முன்னும் பின்னும் துடைப்பார்கள். வீட்டிலிருந்து பழைய கருவியைக் கொண்டுபோவதற்கு முன் நர்ஸிடம் கேளுங்கள். ஹெட்போன் புதிதாக, அவருக்கு மட்டும், பஞ்சு இல்லாமல் துடைக்கக்கூடிய உறையோடு இருக்கட்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காதுக்குள் செருகும் வகை வேண்டாம். தோல் கொஞ்சம் உரசினாலும் ரத்தம் கசியும், புண் ஆகும்.

காதைப் பற்றி இன்னொன்று. காய்ச்சலுக்குக் கொடுக்கும் அமிகாசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகளும், நீர் பிரிய வைக்கும் ஃபியூரோசமைடும், சில கீமோ மருந்துகளும் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடியவை. முதலில் போவது கூர்மையான ஒலிகள்தான், அதனால் அவருக்கே தெரியாது. 'பாட்டு மங்கலாக இருக்கிறது' என்று சத்தத்தைக் கூட்டுவார். கூட்டவிடாதீர்கள். பக்கத்தில் பேசுவது கேட்கும் அளவுக்குத்தான் சத்தம் இருக்க வேண்டும். காதில் ரீங்காரம் என்று சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேண்டாம் என்று அவர் சொல்லும் நாட்கள் வரும். வெள்ளையணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்களில் சத்தமே பிடிக்காது. அப்போது வற்புறுத்தாதீர்கள். இசை கேட்காததால் அவர் சிகிச்சையில் பின்தங்கிவிடப் போவதில்லை. பழைய பாட்டு ஒன்று அழவைத்தால் பதறி உடனே நிறுத்தவும் வேண்டாம். தொடரட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "வலி மருந்து வேண்டாம், பாட்டிலேயே சமாளிக்கிறேன்" என்று அவர் வீரம் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மருந்து தேவையான அளவு போக வேண்டும். இசை அதோடு சேர்ந்து வரும். காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் ஹெட்போனைக் கழற்றி நர்ஸைக் கூப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பேசாமல், சாப்பிடாமல் இருந்தால் அதற்கு மனநல மருத்துவர் தேவை, இசை சிகிச்சையாளரே அதை முதலில் சொல்வார். அட்மிஷன் நாளன்று மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளரிடம் மூன்று கேள்வி கேட்டு வையுங்கள்: இங்கே பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் இருக்கிறாரா, தனி அறைக்குள் வந்து செய்வாரா, எந்தக் கருவிகளுக்கு அனுமதி. இல்லை என்றால், வீடியோ அழைப்பில் அமர்வு நடத்தும் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். அறையில் இணையம் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.